கிளவுனா, யோயோவா, ஜீப்ராவா? மீன் தொட்டியில் இருக்கும் 'வரி லோச்' எந்த வகைன்னு கண்டுபிடிப்பது எப்படி?

தொட்டியின் அடியில் மணலைக் கிளறிக்கொண்டே திரியும், மீசை வைத்த வரி மீன். கடையில் கேட்டால் 'லோச்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால், வாங்கும்போது 2 இன்ச் இருக்கும் அந்தக் குட்டி, 4 இன்ச்சோடு நிற்குமா அல்லது ஒரு அடிக்கு வளருமா என்பது அது எந்த இனம் என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் நீந்தும் மற்ற மீன்களின் வால் தப்பிக்குமா என்பதும் அப்படித்தான்.

லோச் என்றதும் ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர் போன அயிரையும் லோச் வகைதான்.

அடையாளம் காண நிறத்தை நம்பாதீங்க. பயந்தாலோ, தண்ணீர் சரியில்லை என்றாலோ இந்த மீன்களின் நிறம் வெளுத்துவிடும். கோடுகள் எத்தனை, தடிமனா மெல்லிசா, நேராகவா சாய்வாகவா என்று பார்ப்பதுதான் சரி.

மூன்றே மூன்று பட்டை

ஆரஞ்சு உடம்பில் மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள், அதில் ஒன்று கண் வழியாக இறங்கினால், அது கிளவுன் லோச். இதில் குழப்பத்துக்கே இடமில்லை. இந்தோனேசியாவின் சுமத்ரா, போர்னியோ ஆறுகள்தான் இதன் ஊர். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இது சுமார் 30 செ.மீ. வரை வளரும், கூட்டமாகத்தான் வாழும், 20 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். 2 அடி தொட்டிக்கு ஜோடியாக வாங்கிப் போவது பாவம்தான். சிலர் இதையே 'டைகர் போட்டியா' என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்தான் பெரிய தலைவலி.

ஏனென்றால், நிஜ டைகர் லோச்கள் வேறு குடும்பக் கிளை. 'சின்க்ராசஸ்' என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. நீண்ட மூக்கு, ஒல்லியான உடம்பு, பத்துக்கும் மேற்பட்ட குறுகிய செங்குத்துக் கோடுகள். பார்க்க அழகு, குணம் முரடு. சாதுவான மீன்களோடு விட்டால் விரட்டி விரட்டிக் கடிக்கும்.

அதிகம் குழப்புவது இந்தக் கூட்டம்தான்

'போட்டியா' என்ற பேரினம் இந்தியா, வங்கதேசம், மியான்மர் பகுதிகளுக்குச் சொந்தமானது. யோயோ லோச்சில் கோடுகள் பிரிந்து, ஆங்கிலத்தின் ஒய், ஓ எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதியது போலத் தெரியும். பெயர் வந்ததும் அதனால்தான். குட்டியில் இது பளிச்சென்று இருக்கும். வளர வளர எழுத்து கலைந்து வலை போல ஆகிவிடும். அதனால் பெரிய மீனைப் பார்த்து 'இது யோயோ இல்லையே' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மஞ்சள் உடம்பில் தடித்த, லேசாகச் சாய்ந்த ஏழெட்டுப் பட்டைகள் இருந்தால் பெங்கால் லோச். வங்கதேசத்தில் இதை 'ராணி' மீன் என்பார்கள், அங்கே இது சாப்பாட்டு மீன். நான்கைந்து பட்டைகள் மட்டும், வெள்ளி கலந்த உடம்பு என்றால் பர்மா போட்டியா. கறுப்பில் வெளிர் புள்ளிகள் நிறைந்து, கோடே மறைந்துபோனது போல இருந்தால் ஏஞ்சலிகஸ். மியான்மரைச் சேர்ந்த இதற்கு 2004-ல்தான் அறிவியல் பெயரே வைத்தார்கள்.

எண்ணவே முடியாத அளவுக்கு மெல்லிய சாய்கோடுகள் நெருக்கமாக ஓடினால், ஜீப்ரா லோச். 8 முதல் 10 செ.மீ.தான் வளரும், சாது. வீட்டுத் தொட்டிக்கு இந்தப் பட்டியலிலேயே பொருத்தமானது இதுதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாகக் கிடையாது. கர்நாடகாவின் துங்கா ஆற்றில் கிடைத்த மீனை வைத்து 1920-ல் நாராயண ராவ் இதை விவரித்தார். இன்று சர்வதேச சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்'. எனவே, ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்க.

மீனா, புழுவா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒல்லியாக நெளிந்தால் அது குலி லோச். பகலில் மணலுக்குள் ஒளிந்துகொள்ளும். காணோமே என்று தேடி, தொட்டியையே காலி செய்தவர்களும் உண்டு.

இனம் தெரிந்த பிறகும் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. லோச்களின் செதில் மிகச் சிறியது என்பதால் மருந்துகள் சீக்கிரம் பாதிக்கும். வெண்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றும் முன் அளவைச் சரிபாருங்க. அடுத்தது, கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் முள். வலையில் அள்ளினால் அது விரிந்து சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுப்பது மீனுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.