பழைய பத்திரிகை சொன்ன சாட்சி: ஒரு லேசர் விளையாட்டின் வரலாறு

கோடை விடுமுறைக்கு வந்த என் பேரன் ஒரு பலகை விளையாட்டைக் கொண்டு வந்தான். பெட்டியில் 'லேசர் செஸ்' என்று போட்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே என் லேசரால் என் ராஜாவையே சுட்டுக்கொண்டேன். அவன் சிரித்த சிரிப்பில், இது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் துலேன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர் மைக்கேல் லார்சன். அவரும் லூக் ஹூப்பர், டெல் செகுரா என்ற இரு மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2005-ல் 'டிஃப்ளெக்ஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு எகிப்தியப் பெயராக 'கெட்' என்று மாற்றினார்கள்.

பலகையில் 10-க்கு 8 என்று 80 கட்டங்கள். ஒரு முறைக்கு ஒரு காயை ஒரு கட்டம் நகர்த்தலாம், அல்லது கால் சுற்று திருப்பலாம். அதன் பிறகு லேசரை அழுத்தியே தீர வேண்டும். கண்ணாடி உள்ள பக்கத்தில் பட்டால் ஒளி திரும்பிப் போகும். கண்ணாடி இல்லாத பக்கத்தில் பட்டால் அந்தக் காய் வெளியே. அது யாருடைய காய் என்று ஒளி பார்ப்பதில்லை. ராஜா அடிபட்டால் ஆட்டம் முடிந்தது.

2007-ல் இவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே வருடம் எம்ஜிஏ என்ற பெரிய பொம்மை நிறுவனத்தின் 'லேசர் பேட்டில்' விளையாட்டு தங்கள் உரிமையை மீறுகிறது என்று இவர்களுடைய சிறு நிறுவனம் வழக்குப் போட்டது.

எம்ஜிஏ தரப்பு ஒரு பழைய பத்திரிகையை எடுத்து நீட்டியது. 1987-லேயே அமெரிக்கக் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில் 'லேசர் செஸ்' என்ற கணினி விளையாட்டு வெளிவந்திருந்தது. எழுதியவர் மைக் டுப்பாங். அதிலும் லேசர், கண்ணாடி, திரும்பும் காய்கள் எல்லாம் உண்டு. அப்படியானால் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.

அது திரையில் ஆடுவது, இது மேஜையில் ஆடுவது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கீழ் நீதிமன்றம் ஒதுக்கியது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திரையானாலும் மேஜையானாலும் விளையாட்டை அமைப்பவர் யோசிக்கும் விஷயம் ஒன்றுதான், ஆகவே பழைய கட்டுரையைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும் என்று திருப்பி அனுப்பியது.

வங்கியில் 34 வருடம் லெட்ஜரோடு வாழ்ந்த எனக்கு இந்த இடம் பிடித்தது. பழைய வவுச்சர் நமக்குப் பாதகமாக இருந்தாலும் அதைக் கட்டிலிருந்து உருவி எறியக் கூடாது. அதை வைத்துக்கொண்டே கணக்கு நேராக வேண்டும்.

இங்கே கணக்கு நேரானது. பழைய கட்டுரையையும் பார்த்த பிறகு ஜூரி பேராசிரியர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. நஷ்ட ஈடு சுமார் 15 லட்சம் டாலர். உரிமையை வேண்டுமென்றே மீறினார்களா, அதற்காகக் கூடுதல் தொகை உண்டா என்ற வாதம் மட்டும் 2016-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது.

யோசனை ஒருவருக்கு முன்பே தோன்றியிருக்கலாம். திரையில் வரைந்த கோட்டை, கையால் திருப்பும் கண்ணாடியில் நிஜ ஒளியாக ஓட விட்டதும் ஓர் உழைப்புதான். இரண்டு பேருக்கும் வரவு எழுதத்தான் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 'கெட்' விளையாட்டே பிற்பாடு வேறு வடிவில் 'லேசர் செஸ்' என்ற பெயரில் வந்தது. 1987-ன் பெயரேதான்! என் பேரன் கொண்டு வந்த பெட்டி அதுதான்.

பெட்டியை என்னிடமே விட்டுப் போயிருக்கிறான். மாலை 5 மணிக்குக் கேரம் மேஜைப் பக்கம் எடுத்து வருகிறேன். எதிரே உட்கார ஒரு ஆள் தேவை. பள்ளிப் பிள்ளைகளானால் இன்னும் மகிழ்ச்சி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: குனிந்து லேசரை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது.