மல்டிமீட்டரும் அதனை அபாயமின்றிக் கையாளும் முறையும்

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அமைந்த ஏற்பாட்டினால் அளந்து காட்டும் கைக்கருவி மல்டிமீட்டர் எனப்படும். பாடநூல்கள் இதனைப் பல்மானி என்று வழங்கினும், வயர்மேன் முதல் வானொலிப் பழுது பார்ப்பவர் வரையில் தொழிலில் உள்ளோர் பலரும் மீட்டர் என்ற ஒரே சொல்லால் இதனைக் குறித்துவிடுவர். சட்டைப் பையில் அடங்கத்தக்க அளவிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கத்தக்க மலிவிலும் இக்கருவி இன்று பரவியிருப்பதால், மின்சாரத்தின் இயல்பை அறிந்தவர், அறியாதவர் ஆகிய இரு சாராரின் கைகளிலும் இது புழங்குகிறது. ஆகவே இதன் பயன்களை அடுக்கிச் சொல்வதினும், இதனால் விபத்து எவ்வாறு விளைகிறது என்பதை விளக்குவதே இங்கு முக்கியமாகிறது.

பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி என்பவர், தொலைத்தொடர்புச் சுற்றுக்களைப் பராமரிக்கும் பொருட்டுத் தனித்தனியே பல அளவுகருவிகளைச் சுமந்து திரிய வேண்டியிருந்ததில் சலிப்புற்று, அவற்றையெல்லாம் ஒன்றாக்கி அமைத்த கருவி 1923ஆம் ஆண்டில் ஆவோமீட்டர் என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தது. முதலில் நேர்மின்னோட்டத்தை மட்டுமே அளந்த அக்கருவி, பின்னர் மாறுமின்னோட்டத்தையும் அளக்கும் ஆற்றல் பெற்று, 1951இல் வெளிவந்த அதன் எட்டாம் மாதிரி 2008 வரையில் உற்பத்தியில் இருக்குமளவுக்கு உறுதியும் நம்பிக்கையும் வாய்ந்ததாக விளங்கிற்று. முள் தன் எல்லையை மீறி ஓட முற்பட்டால் தானாகவே சுற்றைத் துண்டித்துக்கொள்ளும் ஒரு யுக்தியும் அதில் அமைந்திருந்தது. பின்னாளில் வந்த மலிவான கருவிகள் பலவற்றில் அதற்கு நிகரான பாதுகாப்பு இல்லை என்பது வருந்தத்தக்கது. 1977இல் ஃப்ளூக் நிறுவனம் வெளியிட்ட 8020ஏ போன்ற எண்காட்டிக் கருவிகள் கையடக்கமாக வரத் தொடங்கிய பின்னர், முள் மீட்டர் சிறிது சிறிதாகப் பின்தள்ளப்பட்டது.

இக்கருவியின் பாதுகாப்பு முழுவதும் ஓர் உண்மையைச் சார்ந்து நிற்கிறது. சுழல் விசையின் நிலையோ சிவப்பு வயரைச் செருகும் துளையோ மாறுந்தோறும் கருவி தன் உட்புறத்தில் முற்றிலும் வேறொரு பொருளாகிவிடுகிறது. வோல்ட் நிலையில் எண்காட்டிக் கருவியின் உள்தடை சாதாரணமாக ஒரு கோடி ஓம் ஆதலால், அது சுற்றிலிருந்து ஏறத்தாழ ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் ஒதுங்கி நின்று பார்க்கிறது. ஆம்பியர் நிலையிலோ, சுற்றில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் கருவியின் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், 10 ஆம்பியர் துளைக்குப் பின்னால் இருப்பது ஓமில் நூற்றில் ஒரு பங்கு அளவேயான தடை, அதாவது தடித்த ஒரு துண்டுக் கம்பியே. ஓம் நிலையில் கருவி தன் சொந்த மின்கலத்திலிருந்து சிறிது மின்னோட்டத்தைத் தானே வெளியே அனுப்புகிறது. வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இன்றி உள்ளியல்பு மட்டும் இவ்வளவு மாறுபடும் சாதனம் வேறொன்று மின்தொழிலில் இருப்பதாகத் தெரியவில்லை.

இதனின்றும் விளையும் விபத்துக்களில் மிகச் சாதாரணமானதும் மிகக் கொடியதும் ஒன்றே. மின்னோட்டத்தை அளந்து முடித்த ஒருவர், சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலேயே மறந்து விட்டுவிட்டு, பிறகு வீட்டு பிளக் பாயிண்டில் மின்னழுத்தம் பார்க்க முற்படுகிறார். விசையை வோல்ட்டுக்குத் திருப்பியும் விடுகிறார். ஆனால் வயர் இருக்கும் துளைதான் பாதையை நிர்ணயிக்கிறதே யொழிய விசை அன்று. முனைகள் பட்ட அக்கணமே ஃபேஸும் நியூட்ரலும் கருவியின் வழியாக நேரே இணைந்து, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. விநியோகப் பலகைக்கு அருகில் ஆனால் அது ஆயிரக்கணக்காகவும் ஆகலாம். அந்த நிலையில் உபயோகிப்பவரின் கைக்கும் தீப்பிழம்புக்கும் இடையே நிற்பது கருவிக்குள் இருக்கும் சிறிய ஃப்யூஸ் ஒன்றுதான். நல்ல கருவிகளில் 1000 வோல்ட்டைத் தாங்குவதும், மணல் நிரப்பப்பட்டதும், பெரும் மின்னோட்டத்தை ஓசையின்றித் துண்டிக்க வல்லதுமான ஃப்யூஸ் இருக்கும். அது எரிந்து போனவுடன், விலை அதிகம் என்று எண்ணி, கடையில் கிடைக்கும் 250 வோல்ட் கண்ணாடி ஃப்யூஸை அந்த இடத்தில் செருகுவோர் உண்டு. கண்ணாடிக் குழாயினுள் கம்பி உருகி ஆவியாகிய பின்னும் அந்த ஆவியின் வழியே மின்பொறி தொடர்ந்து ஓடக்கூடும்; குழாய் வெடிக்கவும் கூடும். ஃப்யூஸுக்குப் பதிலாக ஈயத்தாளைச் சுற்றி வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

மின்னோட்டத்தை அளந்த மறுகணமே சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுவதை ஒரு நியமமாகவே கொள்ள வேண்டும். அதனினும் நன்று, வீட்டுச் சுற்றுக்களில் ஆம்பியர் துளையைத் தொடாமலேயே இருப்பது. கம்பியைத் துண்டிக்காமல் வெளிப்புறமாகக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கும்போது இந்தச் சாகசத்துக்கு அவசியமே எழுவதில்லை.

அடுத்துக் கருத வேண்டியது கருவியின் முகத்தில் காணும் வகைக் குறியீடு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61010 என்ற எண்ணுள்ள தரவிதி, அளக்கப்படும் இடத்தை வைத்து இவ்வகைகளைப் பிரிக்கிறது. பிளக் பாயிண்டில் செருகப்படும் சாதனங்கள் இரண்டாம் வகையிலும், விநியோகப் பலகை, நிலையான வயரிங், மும்முனை மோட்டார் முதலியன மூன்றாம் வகையிலும், தெருக்கம்பியிலிருந்து இறங்கும் சர்வீஸ் வயரும் மின்சார மீட்டர்ப் பலகையும் நான்காம் வகையிலும் அடங்கும். வீட்டில் இருப்பது 230 வோல்ட் தானே, 600 வோல்ட் என்று அச்சிட்ட கருவி போதாதா என்று கேட்பது இயல்பு. மின்னல் எங்கோ வீழ்வதாலும், பெரிய மோட்டார்கள் நிறுத்தப்படுவதாலும் மின்வழியில் எழும் நொடிநேரப் பாய்ச்சல் பல்லாயிரம் வோல்ட்டை எட்டக்கூடும் என்பதே அதற்கு விடை. 1000 வோல்ட் இரண்டாம் வகைக் கருவியும் 600 வோல்ட் மூன்றாம் வகைக் கருவியும் 6000 வோல்ட் பாய்ச்சலைக் கொண்டே சோதிக்கப்படுகின்றன. ஆயினும் முன்னதற்கு 12 ஓம் தடையின் வழியாகவும் பின்னதற்கு 2 ஓம் தடையின் வழியாகவும் அது செலுத்தப்படுவதால், முன்னதில் 500 ஆம்பியரும் பின்னதில் 3000 ஆம்பியரும் பாய இடமுண்டு. ஆகவே அச்சிட்ட வோல்ட் எண் சிறிதாயிருந்தும் மூன்றாம் வகையே ஆறு மடங்கு கடுமையான சோதனையில் தேறியதாகும். பாய்ச்சலினால் கருவிக்குள் மின்பொறி பற்றிக்கொள்ளுமாயின், திடுக்கிட்டுக் கையை இழுப்பவர் முனைகளோடு அப்பொறியையும் வெளியே இழுத்து நீட்டிவிடுகிறார் என்பதை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். குறியீடு அச்சிட்டிருப்பது மட்டும் பிரமாணமாகாது. எந்தப் பரிசோதனைக்கூடமும் சான்று தராத கருவிகளிலும் அதே எழுத்துக்கள் பளிச்சென்று காணப்படுகின்றன. கருவிக்குரிய தகுதி வயர்களுக்கும் இருத்தல் வேண்டும். மூன்றாம், நான்காம் வகைகளுக்குரிய முனைகளில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேற்படுவதில்லை.

அளவையைத் தொடங்குமுன் வயர்களின் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்து, ஓம் நிலையில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அரை ஓமுக்கு மேற்படாத தடை காட்டுகிறதா என அறிதல் முறை. எத்தனை வோல்ட் என்று தெரியாதபோது மிகப் பெரிய வீச்சிலிருந்து தொடங்க வேண்டும். கருப்பு முனையை முதலில் நியூட்ரலில் வைத்து, சிவப்பு முனையைக் கடைசியில் ஃபேஸில் தொட்டு, எடுக்கும்போது சிவப்பை முதலில் எடுப்பது மரபு. கருப்பு முனைக்கு முதலைவாய்க் கவ்வி இருந்தால் ஒரு கை ஓய்ந்திருக்கும், நெஞ்சின் குறுக்காக மின்சாரம் பாயும் வாய்ப்பும் குறையும். விரல்கள் முனையின் காப்பு விளிம்புக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்.

மின்சாரம் இல்லை என்று கருவி சொல்வதை எப்போது நம்பலாம் என்பது, இருக்கிறது என்று சொல்வதை நம்புவதினும் நுட்பமான வினா. மின்கலம் தளர்ந்திருக்கலாம், வயர் உள்ளே அறுந்திருக்கலாம், மாறுமின்னழுத்தத்தை நேர்மின்னழுத்த நிலையில் வைத்துப் பார்த்தால் 230 வோல்ட்டும் ஏறத்தாழச் சுழியாகவே தோன்றும். ஆகையால் மின்சாரம் உள்ளதென்று திட்டமாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் கருவியைச் சோதித்து, பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தைச் சோதித்து, மீண்டும் முன்னைய இடத்தில் சோதித்த பின்னரே கம்பியைத் தொட வேண்டும். நம் வீடுகளில் நியூட்ரல் அறுந்து போவது அரிதன்று. அப்போது மின்விசிறி சுற்றாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கருவி சரியான மின்னழுத்தத்தைக் காட்டாது. ஆயினும் ஃபேஸ் கம்பி உயிரோடிருக்கும், விளக்கோ விசிறியோ இணைந்திருந்தால் அதன் வழியே அறுந்த நியூட்ரல் முனையும் உயிர் பெற்றிருக்கும். ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் என்ற மூன்று இணைகளையும் பார்த்தாலொழிய இது புலப்படாது. மும்முனை இணைப்பில் பொது நியூட்ரல் அறுந்தாலோ, இரண்டு ஃபேஸ்களுக்கு இடையேயுள்ள ஏறத்தாழ 400 வோல்ட், சுமை குறைந்த பக்கத்தில் அதிகமாகவும் சுமை மிகுந்த பக்கத்தில் குறைவாகவும் பங்கிடப்பட்டு, ஒருவர் வீட்டில் விளக்கு மங்க, மற்றொருவர் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கருகுகிறது.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. அணைத்துவிட்ட கம்பி, உயிருள்ள கம்பியோடு ஒரே பைப்பில் நெடுந்தூரம் ஓடுமாயின், இரண்டும் மின்தேக்கிபோல் அமைந்து, உள்தடை மிகுந்த எண்காட்டியில் 60, 80 வோல்ட் என்று பொய்யான எண்ணைத் தோற்றுவிக்கும். டெஸ்ட் விளக்கையோ, குறைந்த உள்தடை நிலையுள்ள கருவியையோ இணைத்தவுடன் அது மறைந்துவிடும்.

ஓம் நிலையிலும் கண்டினியூட்டி நிலையிலும் சுற்றில் மின்சாரம் அறவே இருக்கக் கூடாது. மெயின் ஸ்விட்சை அணைத்தது மட்டும் போதாது. கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றின் மின்வழங்கிப் பகுதியிலுள்ள மின்தேக்கி, 230 வோல்ட்டின் உச்சமான ஏறக்குறைய 325 வோல்ட்டை, பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் தாங்கி நிற்கக்கூடும். தகுந்த தடையொன்றின் வழியே அதனை வெறுமையாக்கிய பின் வோல்ட் நிலையில் சரிபார்த்தே ஓமுக்குத் திரும்ப வேண்டும். ஸ்குரூடிரைவரால் குறுக்கிடுவது பழக்கத்தில் இருப்பினும் முறையன்று. மைக்ரோவேவ் அடுப்பின் உயரழுத்தப் பகுதியில் 2000 வோல்ட்டுக்கு மேற்பட்டு இருக்குமாதலால், சாதாரணக் கைக்கருவியை அங்கு நீட்டலாகாது.

மின்னணு ரெகுலேட்டருக்குப் பின்னால் அளப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மலிவான கருவிகள் சராசரியை அளந்து அதனை 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும் அக்கணக்கு, ரெகுலேட்டரால் வெட்டுண்ட அலைக்குப் பொருந்தாமல் பிழை தரும். உண்மையான பயனுறு மதிப்பைக் காட்டும் கருவியே அங்கு ஏற்றது.

கம்பியின் காப்புறை நன்றாயுள்ளதா என்று மல்டிமீட்டரைக் கொண்டு தீர்மானிக்க முயல்வதும் வீணே. அதன் மின்கலம் தரும் சில வோல்ட்டுக்கு அடங்கி நிற்கும் பழுதுற்ற உறை, 230 வோல்ட் வந்ததும் கசியத் தொடங்கிவிடும். அவ்வேலைக்கு 500 வோல்ட்டைத் தானே உண்டாக்கிச் செலுத்தும் மெகர் என்னும் தனிக்கருவி வேண்டும். அதனை இயக்குமுன் மெயினை அணைத்து, அச்சுற்றில் இணைந்துள்ள மின்னணுச் சாதனங்கள் யாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் அந்த 500 வோல்ட்டே அவற்றைப் பழுதாக்கிவிடும்.