'பொது' என்ற சொல்லின் நூறாண்டு வழக்கு



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கும் நாம், இன்று அவருடைய முழு வாழ்க்கையையும் பேசப் போவதில்லை. அவர் சட்டசபையில் கொண்டுவந்த ஒரு தீர்மானத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் வழியாக 'பொது' என்ற சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம்.

நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. ஊர்ப்பொதுக் கிணறு, ஊர்ப்பொதுச் சாவடி என்று சொல்லும்போது அந்த ஊருக்குள் சேரி வராது. ஏரிக்கு மண் சுமந்தவர்களும் மடை திறந்து நீர் பாய்ச்சியவர்களும் நம் முன்னோர்கள். ஆனால் ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி இறக்க முடியாது. உழைப்பைப் பொதுவில் வாங்கிக்கொண்டு பயனில் மட்டும் விலக்கிவைத்தார்கள்.

1923-இல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட சீனிவாசன், 1924 ஆகஸ்ட் 22 அன்று தம் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு பகுதிகள். எந்த நகரத்திலும் கிராமத்திலும் பொதுச்சாலையில், தெருவில், பாதையில் எந்த வகுப்பினர் நடப்பதற்கும் தடையில்லை என்பது முதல் பகுதி. அரசு அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடுமிடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எவ்வாறு, எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்களோ அவ்வாறே, அதே அளவுக்கு எல்லோரும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. தீர்மானம் நிறைவேறியது.

'அதே அளவுக்கு' என்பதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். நம் மக்களுக்குத் தண்ணீர் இல்லை என்றால் தனிக் கிணறு, படிப்பு இல்லை என்றால் தனிப் பள்ளி என்பதே அக்கால அரசின் வழக்கமான விடை. தாகம் தீரும், தீண்டாமை அப்படியே இருக்கும். சீனிவாசனின் தீர்மானம் இன்னொரு கிணற்றைக் கேட்கவில்லை. இருக்கும் கிணற்றில் சம உரிமையைக் கேட்டது.

பம்பாய் மாகாணத்திலும் 1923-இல் எஸ்.கே. போலே இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றச் செய்திருந்தார். அதை ஏற்ற மகாட் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பை நம்பிக் குளத்தில் இறங்கும் நிலை அங்கு இல்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று அந்த நீரை அருந்தினார்கள். அதற்காகத் தாக்கப்பட்டார்கள்; குளத்துக்குத் தீட்டுக்கழிப்பும் நடந்தது. பிறகு நகராட்சியே தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

அடுத்து நடந்ததில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். தலித்துகள் தொட்டால் தீட்டு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. இந்தக் குளம் பொதுச்சொத்தே இல்லை, தனியாருடையது என்றார்கள். கால்நடைகள் நீர் குடித்தபோதும் பிற மதத்தினர் மொண்டபோதும் அது தனியார் குளமாக இருக்கவில்லை. நாம் இறங்கியதும் தனியாருடையதாகிவிட்டது. அந்த வாதத்தை முறியடித்துத் தீர்ப்புப் பெற 1937 வரை பத்தாண்டுகள் ஆயின.

சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல் குடிமை இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. பொதுப் பாதையிலும் நீர்நிலையிலும் நம் மக்களைத் தடுப்பது அதன்படி தண்டனைக்குரிய குற்றமானது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அரசு நிதியில் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை மட்டுமல்ல, பொதுமக்கள் பயன்பாட்டுக்கென விடப்பட்டவையும் அதில் அடங்கும். கடைகளும் உணவகங்களும் அடங்கும். சலவைக்கடை, முடிதிருத்தகம் பற்றி அரசியல் நிர்ணய சபையில் கேள்வி எழுந்தபோது, 'கடை' என்ற சொல்லை விரிந்த பொருளில்தான் பயன்படுத்தியிருக்கிறோம் என்று அம்பேத்கர் விளக்கினார். 'பொது' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் முழுப்பொருளைத் தந்தது நம் போராட்டம். அதன் பயனைப் பெறுவது எல்லாக் குடிமக்களும்தான்.

ஆனால் மகாடில் கேட்ட அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழியில் விவசாய நிலத்தின் வேலி குறுக்கே நின்றதால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அது எங்கள் நிலம் என்று சொல்லிவிட்டால் அது சாதிப் பிரச்சினை ஆகாது, வெறும் சொத்துத் தகராறு ஆகிவிடும். அதிகாரிகளும் "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று கைகழுவ அது வசதியாக இருக்கிறது.

ஆகவே சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பதோடு நம் வேலை முடியாது. ஒவ்வொரு கிராமத்திலும் நம் இளைஞர்கள் 'அ' பதிவேட்டையும் புலப்பட நகலையும் வாங்கிப் பார்க்க வேண்டும். எது வண்டிப்பாதை, எது மயானம், எது ஏரிப் புறம்போக்கு, அதில் எவ்வளவு இன்று வேலிக்குள் இருக்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். கேட்டும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். ஒரு சாவு விழுந்த பிறகு, பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு பாதைக்குப் போராடும் நிலை நமக்கு வேண்டாம். கோட்டாட்சியர் முன் அந்த ஆவணத்தோடு முன்கூட்டியே நிற்போம்.

சீனிவாசன் அன்று சட்டசபை ஏட்டில் ஏற்றிய உரிமை, நம் கிராமத்து வருவாய்க் கணக்கிலும் மண்ணிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சரிபார்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நினைவஞ்சலி.

ஜெய் பீம்.