குடியரசுத் தலைவரின் மேல்தாடை

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்து மியூட்டர் மருத்துவ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு கண்ணாடிக் குப்பி உண்டு. அதனுள் இருப்பவை எலும்பும் தசையுமாகச் சில துணுக்குகள். குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லண்டின் இடது மேல்தாடையிலிருந்து 1893ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெட்டியெடுக்கப்பட்டவை. அத்துணுக்குகளைப் பற்றி உண்மையை எழுதிய இதழாளர் ஒருவர் இருபத்து நான்கு ஆண்டுகள் பொய்யர் என்னும் பழியைச் சுமந்தார்.

1893இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. வங்கிகள் மூடப்பட்டன, இருப்புப்பாதைக் குழுமங்கள் திவாலாயின. அரசு வெள்ளியைத் தொடர்ந்து வாங்க வேண்டும் என்னும் 1890ஆம் ஆண்டுச் சட்டமே இதற்குக் காரணம் என்று கிளீவ்லண்ட் கருதினார். அதனை நீக்க ஆகஸ்ட் 7 அன்று சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்டினார். துணைத் தலைவர் ஸ்டீவன்சனோ வெள்ளியின் பக்கம் சாய்ந்தவர். தலைவர் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி பரவினால் என்ன ஆகும்? அண்ணத்தில், கடைவாய்ப் பற்களின் அருகே, சொரசொரப்பாக ஏதோ வளர்வதை அவர் உணர்ந்தது இந்த நேரத்தில்தான்.

புற்று என்னும் சொல் அன்று எத்தகைய அச்சத்தை எழுப்பியது என்பதை அவர் அறிந்திருந்தார். முன்னாள் தலைவர் கிராண்ட் 1885இல் தொண்டைப் புற்றால் இறந்தபோது பதவியில் இருந்தவர் கிளீவ்லண்ட்தான். கிராண்ட் நாளுக்கு நாள் நலிந்ததை நாளேடுகள் விடாமல் எழுதின. (வலியோடு போராடியபடி கிராண்ட் எழுதி முடித்த தன்வரலாற்றை வெளியிட்டது மார்க் ட்வைனின் பதிப்பகம் என்பது இலக்கிய வாசகர்கள் நினைவில் கொள்ளத் தக்கது.)

ஆகவே அறுவைக்குத் தேர்ந்த இடம் மருத்துவமனையன்று. நண்பர் பெனடிக்டின் ‘ஒனைடா’ என்னும் உல்லாசப் படகு. ஜூன் 30 இரவு கிளீவ்லண்ட் நியூயார்க்கில் அதில் ஏறினார். மறுநாள் படகு பெல்வ்யூ மருத்துவமனையைக் கடந்தபோது, அங்குள்ளோர் அடையாளம் கண்டுவிடுவர் என்றஞ்சி மருத்துவர்கள் மேல்தளத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டனர். பாய்மரத்தின் அடியோடு சேர்த்துக் கட்டிய நாற்காலியில் நோயாளியை அமர்த்தினர். பல் மருத்துவர் ஹாஸ்புரூக் சிரிப்பு வாயு கொடுத்து இரு பற்களைப் பிடுங்கினார். பின்னர் ஈதர் தரப்பட்டது. ஜோசப் பிரையன்ட் கத்தியை எடுத்தார். ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் கீன் உடனிருந்து உதவினார். கீன் முன்பு பாரிஸில் வாங்கிவந்த, கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி இங்கே பயன்பட்டது. வெளியே ஒரு கீறலும் விழக்கூடாது. அந்தப் பெரிய மீசையும் இருந்தபடியே இருக்க வேண்டும். தாடையெலும்பினுள் இருக்கும் காற்றறையில் கூழ் போன்ற பொருள் நிரம்பியிருந்தது. இடது மேல்தாடையின் பெரும்பகுதியை வாய் வழியாகவே அகற்றினர். ஆடும் படகில், வாய்க்குள் மட்டுமே கைவிட்டுச் செய்த இச்செயலின் துணிவு இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

ஜூலை 5 அன்று அவர் மாசசூசெட்ஸில் உள்ள தம் கடலோர இல்லத்துக்கு நடந்தே சென்றார். எஞ்சியதாக ஐயுற்ற பகுதியை 17ஆம் நாள் அதே படகில் மீண்டும் அகற்றினர். அண்ணத்தில் ஏற்பட்ட பொந்தை அடைக்காமல் அவர் பேசினால் சொற்கள் விளங்கவில்லை. கிப்சன் என்னும் பல் மருத்துவர் கெட்டி ரப்பரில் ஒரு செயற்கைத் தாடை செய்து பொருத்தியபின் பழைய குரல் திரும்பியது. வாதநோய், பல்வலி என்றே வெளியில் சொல்லப்பட்டது.

ஆகஸ்ட் 29 அன்று ‘ஃபிலடெல்ஃபியா பிரஸ்’ நாளேட்டில் ஈ. ஜே. எட்வர்ட்ஸ், ‘ஹாலந்து’ என்னும் தம் புனைபெயரில், நடந்ததை ஏறத்தாழ முழுமையாக எழுதினார். ஹாஸ்புரூக்கையே நேரில் கண்டு செய்தியை உறுதிசெய்துகொண்ட பின்னரே அவர் எழுதினார். தலைவரின் தரப்பு மறுத்தது. போட்டி இதழ்கள் எட்வர்ட்ஸைப் புளுகர் என்று தூற்றின. தலைவர் தெளிவாகப் பேசுகிறார், முகத்தில் வடு இல்லை. மக்கள் எதை நம்புவார்கள்? மருத்துவர்களின் திறமையே எட்வர்ட்ஸுக்கு எதிரான சான்றாயிற்று. நாட்டின் நெருக்கடியைக் கருதி நோயை மறைத்ததை நாம் ஒருவாறு பொறுக்கலாம். ஆனால் வெள்ளிச் சட்டம் நவம்பர் 1 அன்று நீக்கப்பட்ட பின்னும், கிளீவ்லண்ட் பதவியிலிருந்து இறங்கிய பின்னும், அறிந்தவர்கள் வாய் திறக்காததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கிளீவ்லண்ட் 1908இல் மறைந்தார். தாடைக் கட்டி அதுவரை திரும்பவே இல்லை. பிரையன்ட் 1914இல் இறந்தார். 1917 செப்டம்பரில், எண்பது வயதுக் கீன் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் முழுக் கதையையும் எழுதி, எட்வர்ட்ஸ் எழுதியது உண்மையே என்று உலகறியச் சொன்னார்.

கட்டி யாது என்னும் கேள்வி மட்டும் எஞ்சியது. புற்றே அன்று என்றனர் சிலர். மேகநோய் என்றும் ஐயுற்றனர். குப்பியில் இருந்ததை மீண்டும் ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட முடிவு, அது ‘வெரூக்கஸ் கார்சினோமா’ என்றது. மருப் போலத் தடித்து வளரும் அரிய வகைப் புற்று இது. 1948இல்தான் அக்கர்மன் என்னும் நோய்க்கூறியல் அறிஞர் இதைத் தனி வகையாக விவரித்தார். மெல்ல வளர்ந்து அருகிலுள்ள எலும்பை அரிக்கும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. நுண்ணோக்கியில் பார்த்தால் இதன் அணுக்கள் ஏறத்தாழத் தீங்கற்றவை போலவே தோன்றும். அக்கால அறிஞர்கள் தடுமாறியதில் வியப்பில்லை. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் நாட்டு மருத்துவர்களுக்கு இது முற்றிலும் அயலானதன்று. கிளீவ்லண்டோ சுருட்டுப் பிரியர்.

இந்த முடிவை அறிய எட்வர்ட்ஸ் இல்லை. கீனின் கட்டுரை வெளிவந்தபோது அவர் உயிரோடிருந்தார். கீனுக்கு நன்றி தெரிவித்து மடலும் எழுதினார். அதன்பின் ஏழாண்டுகள் வாழ்ந்து 1924இல் காலமானார்.