நாவிலிருந்து அகராதிக்கு

மருத்துவ நூல்களில் நாவைச் சார்ந்த பெயர்கள் பலவற்றில் ‘குளோஸ்’ என்னும் ஒலி இடம்பெறக் காண்கிறோம். நாவை அசைக்கும் 12ஆம் மூளை நரம்பு ‘ஹைப்போகுளோசல்’. ‘நாவின் கீழுள்ளது’ என்பது அதன் பொருள். கிரேக்கத்தில் நாவுக்குக் ‘குளோஸ்ஸா’ என்று பெயர். ஏதென்ஸ் வழக்கில் ‘குளோட்டா’. விழுங்கும்போது குரல்வளை வாயிலை மூடும் ‘எபிகுளோட்டிஸ்’ இப்பின்னைய வடிவின் வழி வந்தது. கூர்முனையைக் குறிக்கும் ‘குளோகிஸ்’ இதற்கு உறவுச்சொல் என்பர்.

அச்சொல் உறுப்போடு நில்லாது மொழியையும் குறித்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில், பிற நிலத்தார் வழங்கும் சொல்லை, ஏறத்தாழ நம் திசைச்சொல் போன்றதனை, ‘குளோட்டா’ என்றார். ஈட்டியைக் குறிக்கும் ‘சிகுனோன்’ சைப்ரஸ் மக்களுக்கு இயல்பான சொல். ஏதென்ஸ் மக்களுக்கோ அது குளோட்டா. பின்னர் இலத்தீனில் அருஞ்சொல்லைக் குறித்த ‘குளோஸ்ஸா’, ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்ட அதன் விளக்கத்துக்கும் பெயராயிற்று. சொற்பொருள் தொகுதியைக் குறிக்கும் ஆங்கிலக் ‘குளோசரி’ அதன் வழித்தோன்றலே.

ஒரு சொல் அருஞ்சொல்லாவது கேட்பவரின் ஊரைப் பொறுத்தது என்பதே அரிஸ்டாட்டிலின் சான்று நமக்கு உணர்த்துவது. மாணவரின் வட்டார வழக்கைப் பிழையென்று அடிக்கப் புகுமுன் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.