சந்தேகத்துக்கிடமானவர் யார்?

கும்மிடிப்பூண்டியை அடுத்த எளாவூர் சோதனைச்சாவடியில் கஞ்சாவோ ரேஷன் அரிசியோ பிடிபட்டால், மறுநாள் செய்தி எப்படி இருக்கும் என்பது நாளிதழ் வாசகருக்கு மனப்பாடம். ஒருவர் ‘சந்தேகத்துக்கிடமாக’ நின்றிருப்பார். விசாரித்தால் ‘முன்னுக்குப் பின் முரணாக’ப் பதில் சொல்வார்.

‘சந்தேகத்துக்கிடமான’ என்பதற்கு ஈடான ‘சஸ்பிஷியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு முகம். சந்தேகப்படுகிறவரையும் அது குறிக்கும், சந்தேகிக்கப்படுகிறவரையும் குறிக்கும். கீழிருந்து பார்ப்பது என்ற லத்தீன் மூலத்திலிருந்து வந்த சொல் அது. பார்வை முதலில் பார்ப்பவருடையதாகவே இருந்தது. தமிழ் இரண்டையும் பிரித்துவிட்டது. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவர் ‘சந்தேகப் பிராணி’; மற்றவர் ‘சந்தேகத்துக்கிடமானவர்’. தெளிவான பிரிவினைதான். ஆனால் சந்தேகம் குடியிருக்கும் ‘இடம்’ இப்போது அந்த இரண்டாமவர் ஆகிவிட்டார். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் இதற்கு நேர்மாறு. ஆராயாமல் நம்புவதும், நம்பிய பின் ஐயுறுவதும் அங்கே ஆள்கிறவனின் பிழைகள்.

பொறுப்பு இப்படி இடம் மாறியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 109ஆம் பிரிவில், நாடோடிகளிடமும் சந்தேகத்துக்குரியவர்களிடமும் நன்னடத்தைப் பிணை வாங்க வழிசெய்தது. ஒளிந்து நடமாடுகிறவர் மட்டுமல்ல, பிழைப்புக்கு வெளிப்படையான வழியில்லாதவர், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாதவர் ஆகியோரும் அதில் அடக்கம். அதாவது, வேலையும் வீடும் இல்லாமல் ஊர் சுற்றுவதே போதும். ‘முன்னுக்குப் பின் முரண்’ என்ற செய்தித் தொடர் இந்தத் ‘திருப்தியான விளக்க’த்தின் வாரிசு போலவே ஒலிக்கிறது.

1973ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பகுதியைக் கைவிட்டது. மறைந்து நடமாடுவது மட்டும் மிஞ்சியது. 2024 ஜூலை 1 முதல் அது, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 128ஆம் பிரிவு.

சட்டம் விட்டதைத் தெரு விடவில்லை. 2018 மே மாதம், வடமாநிலக் குழந்தை கடத்தல் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் தெருவில் திரிந்த ஒருவரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அவர் மனநலம் குன்றியவர், வீடற்றவர். 109ஆம் பிரிவிலிருந்து நீக்கப்பட்ட பகுதியின் வரையறைக்குள் அச்சாகப் பொருந்துகிறவர்! தன்னைப் பற்றி அவரால் என்ன விளக்கம் தந்திருக்க முடியும்? அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்படுத்தத் தொடங்கியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆலைகளை நம்பி வந்திருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு ‘சந்தேகத்துக்கிடமானவர்’ என்ற அடைமொழி கூடுதல் ஆபத்து. தமிழ் தெரியாதவர் தடுமாறிச் சொல்லும் பதில் முரணாகத்தான் கேட்கும். அங்கே குற்றம் பதிலில் இல்லை, கேட்கிறவரின் காதில் இருக்கிறது.

பழவேற்காட்டில் நடந்ததுபோல் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்யும் கொலையை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு இப்போது தனியாகக் குறிப்பிடுகிறது. இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்கள் அதில் வரிசையாக உள்ளன. குழந்தை கடத்த வந்தவர் என்ற சந்தேகம் அந்த வரிசையில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை.