துணை என்றால் எந்தத் துணை?

சங்கத் தேர்தல் நெருங்குகிறது. ‘வைஸ் பிரசிடென்ட்’ என்பதற்கும் ‘துணை’ என்றுதான் எழுதுகிறோம், ‘டெபுடி’ என்பதற்கும் ‘துணை’தான். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றல்ல.

‘வைஸ்’ லத்தீன் வழி வந்தது. ‘பதிலாக’ என்று பொருள். 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானதும், வைஸ் பிரசிடென்டாக இருந்த வி.வி.கிரி அவர் பொறுப்பை ஏற்றார். அரசியல் சட்டமே அப்படிச் சொல்கிறது. ‘டெபுடி’ என்பவர் ஒப்படைத்த வேலையைப் பார்ப்பவர். டெபுடி சீஃப் மினிஸ்டர் என்ற பதவி அரசியல் சட்டத்தில் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவரும் ஓர் அமைச்சர்தான்.

நம் போடி தொகுதிக்கு இது நன்றாகத் தெரியும். ஓ.பன்னீர்செல்வம் 2001, 2014, 2016 என மூன்று முறை முதல்வரானார். அப்போதெல்லாம் அவருக்குத் ‘துணை’ என்ற பட்டம் இருந்ததில்லை. பிந்திய இரண்டு முறையும் அவர் நம் எம்.எல்.ஏ. 2017 ஆகஸ்ட் 21 அன்று துணை முதல்வரானார். அதன் பிறகு முதல்வர் நாற்காலி அவருக்கு வரவில்லை. பட்டத்துக்கும் பொறுப்புக்கும் அவ்வளவுதான் உறவு!

ஊராட்சித் துணைத் தலைவர் கதை வேறு. தலைவருக்கு ஊரே ஓட்டுப் போடும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் ஊராட்சிக் காசோலையில் இருவர் கையெழுத்தும் வேண்டும். ராசிங்காபுரத்துத் தெருவிளக்குச் செலவானாலும் சரி, துணை கையெழுத்துப் போடாமல் பணம் நகராது.

நம் சங்க விதிகளில் துணைத் தலைவர் எந்த வகை? வேட்புமனு கொடுக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.